இருபத்து நாலாம் பேட்டி

இது நடந்தது. கட்டுக்கதை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் கட்டியது பதினோரு பக்கம் மட்டும்தான். அதைக் கட்டியவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். மற்றதெல்லாம் நடந்தது.

அவள் மானுடவியல் ஆய்வு மாணவி. எங்கே போனாலும் கையில் நோட்டு இருக்கும் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் 'குறிப்பு'. இறந்தவர்களின் பொருட்களை மூன்று சமூகங்கள் என்ன செய்கின்றன என்பதுதான் ஆய்வு. ஆய்வு பாதியில் இருக்கும்போது அவளுடைய அப்பாவே போய்ச் சேர்ந்தார். அன்றும் குறிப்பு எடுத்தாள். அழவில்லை. அழுகை வர வேண்டிய இடம் மரத்துப் போயிருந்தது, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. அப்பாவின் செருப்பை அக்கா அட்டைப்பெட்டியில் போட்டு, நாடா ஒட்டி, பரண்மேல் ஏற்றினாள். அதையும் இவள் குறித்துக்கொண்டாள்.

பேராசிரியர் பெரிய மனிதர். களப்பணியின் மகத்துவத்தைப் பற்றி ஏழு நாடுகளில் முழங்கியவர். ஏசி இல்லாத களத்தில் அவரைக் கண்டவர் யாருமில்லை. இருபத்து மூன்று பேட்டிகள் முடிந்துவிட்டன என்று இவள் போய் நின்றபோது, அவர் அட்டவணையைத்தான் பார்த்தார்.

"சமூகத்துக்கு எட்டு, மூவெட்டு இருபத்து நாலும்மா. ஒரு கட்டம் காலியா இருந்தா அசிங்கமா இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்றால் உதவித்தொகை கிடையாது. படிப்பு அம்போ.

இருபத்து நாலாம் ஆள் ஒரு தையல்காரம்மா. கணவரை இழந்தவர். முன்பே சம்மதப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். பேட்டிக்கு நாள் கேட்கலாம் என்று போன் செய்தால் எடுக்கவில்லை. ஒன்பது முறை.

வியாழக்கிழமை குறிப்பு உட்கார்ந்து அந்தப் பேட்டியைத் தானே எழுதினாள். பதினோரு பக்கம். அந்த மாதம் மூன்றாம் தேதி எடுத்ததாகப் போட்டாள். தையல்காரம்மா வாயால் ஒரு வழக்கத்தையும் சொல்லவைத்தாள்: இறந்தவரின் செருப்பை உள்ளே பார்த்தபடி வாசலில் வைப்பார்களாம். திரும்பி வந்தால் தடுமாறாமல் உள்ளே வரட்டும் என்று. நிஜம் போலிருக்க நடுவே மௌனமும் சேர்த்தாள். 'மௌனம், 11 விநாடி.'

பேராசிரியர் அந்தச் செருப்புப் பத்தியை அடிக்கோடிட்டார். "இதாம்மா தரவு. இதையெல்லாம் யாராலயும் கற்பனை பண்ண முடியாது."

சனிக்கிழமை. பகல் 3:10. அக்கா மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். வெளியே சுள்ளென்று வெயில். பேய் டூட்டிக்கு வருகிற நேரமே அல்ல.

நகல் எடுத்து வைக்கலாம் என்று பதிவுக் கருவியைக் கணினியில் செருகினாள். கோப்புகள் இருபத்து மூன்று இருக்க வேண்டும்.

இருபத்து நான்கு இருந்தன.

கடைசிக் கோப்பைத் திறந்தாள். நாற்பத்தேழு நிமிடம். முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு அவளுடைய குரல், கேள்வி கேட்டது. ஒரு பெண் பதில் சொன்னாள். இவள் எழுதிய அதே வார்த்தைகள்... அதே வரிசையில். பின்னணியில் தையல் மிஷின். டக... டக... டக...

பயம் வரவில்லை. வரவில்லையே என்று மட்டும் கவனித்தாள். அச்சுப் பிரதியை எடுத்து, வரிவரியாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள். பழக்கதோஷம்.

மௌனம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினோரு விநாடி.

3:52. பதினோராம் பக்கம் முடிந்தது. பதிவு முடியவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றது அந்தக் குரல்.

"கேளுங்க." சொன்னது இவள் குரல்தான்.

"உங்க அப்பா செருப்பு எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

டக... டக...

நின்றது.

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள்.

அப்பாவின் செருப்பு.

உள்ளே பார்த்தபடி.

பரணைப் பார்த்தாள். பெட்டி அங்கேயே இருந்தது. நாடா பிரியவில்லை.

கணினிக்குத் திரும்பினாள்.

கோப்புகள் இருபத்து மூன்று.

ஆறரைக்கு அக்கா வந்தாள். "செருப்பை ஏன்டி இறக்கினே?"

"நான் இறக்கலக்கா."

அக்கா செருப்பைப் பார்த்தாள். பரணைப் பார்த்தாள். அன்றிரவு இரண்டு பேரும் செருப்பைத் திருப்பி வைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்துச் சரிபார்ப்பு குமாஸ்தா அழைத்தார். பேட்டி கொடுத்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, நிஜமாகவே கொடுத்தீர்களா என்று கேட்பது அவர் வேலை. மாட்டிக்கொண்டோம் என்று இவளுக்குப் புரிந்தது. அதுவும் உறைக்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். அந்தத் தையல்காரம்மா முதல் ரிங்லயே எடுத்தாங்க. நீங்க நல்லா பேசினீங்கன்னாங்க. ஒரே ஒரு திருத்தம். பேட்டி மூணாம் தேதி இல்ல, நாலாம் தேதியாம். மூணாம் தேதி அவங்க வீட்ல சாவாம்."

யாருடைய சாவு என்று கேட்டாள்.

"நானும் கேட்டேன் மேடம். சிரிச்சாங்க."

தேதியை மாற்றிக் கொடுத்தாள். பட்டம் கிடைத்தது. பேராசிரியர் அந்தச் செருப்பை எட்டாவது நாட்டுக்கும் கொண்டுபோய்ப் பேசினார்.

போனை வைத்த அன்றே அவள் சம்மதப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். 'வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் தையல்காரம்மா தன் கையாலேயே எழுதியிருந்தார்.

ஒன்று.