இடையில் விழுந்த சொட்டு

இதை நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் ஊரடங்கிய இருட்டில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஆய்வுகூடம் ஒன்றில்.

ஆண்கள் எல்லோரும் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். பஸ்மியா மட்டும் இருந்தாள். கிண்ணியாப் பெண். மீன்முள் குத்திய புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் கிருமிக்கு மருந்து தேடி, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, ஏழு கண்ணியில் ஒரு பெப்டைட் சங்கிலி செய்திருந்தாள். எட்டு மாத உழைப்பும் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். அன்றைக்கு அது வளையமாக மூடாவிட்டால் அவளுடைய பட்டம் அம்போதான்.

மூடுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. சங்கிலியின் தலை தன்னுடைய வாலையே பிடிக்க வேண்டும். நெருக்கமாகக் கிடந்தால் பக்கத்துச் சங்கிலியின் வாலைப் பிடித்துவிடும். அதனால் கீழே பெரிய குடுவை நிறையக் கரைப்பான், மேலே புனலிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சங்கிலி. ஒன்று மூடிய பிறகுதான் அடுத்தது.

டக்... டக்...

பன்னிரண்டரைக்கு, இடையில் இன்னொரு சொட்டுக் கேட்டது.

புனலைப் பார்த்தாள். விழுவது ஒரு சொட்டு. சத்தம் இரண்டு. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று போய்ப் பார்த்தாள். அது காய்ந்து கிடந்தது.

திரும்பி வந்தால் புனலில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. குடுவையில் அதைப்போல் இரண்டு மடங்கு ஏறியிருந்தது.

குடுவையிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தாளில் வைத்து, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினாள். மூடாத தலை இருந்தால் ஊதா நிறம் வரும். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

தாளின் ஓரம் மெல்ல ஊதாவானது...

பெருவிரல் ரேகை. வெறுங்கையால் தொட்டால் அப்படி வரும். அவள் கையில் கையுறை.

அகலமான ரேகை. ஆண் விரல்.

"ஆரது?"

டக்... டக்...

புனலை மூடக் கை வைத்தாள்.

காதுக்குப் பின்னால் மூச்சு.

"நிப்பாட்டாதேங்கோ..."

ஓதவும் வாய் வரவில்லை.

அவள் மூடவில்லை.

கிடைத்ததைக் கொழும்புக்கு அனுப்பினாள். அங்கே சங்கிலிகளின் கண்ணிகளைக் கருவியில் எண்ணிப் பார்ப்பவள் தினுஷா. முன்பு இதே ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். ஒரு வாரத்தில் அழைத்தாள்.

"பஸ்மியா, உம்மட சங்கிலி மூடியிருக்கு. ஆனா தனிய இல்லை. இன்னொரு சங்கிலியோட சேர்ந்து ஒரே வளையம்."

"என்னட்ட வேற சங்கிலி இல்லையே, அக்கா. பிரிக்க ஏலாதா?"

"ஏலாது. தனிய மூடினது ஒண்டுகூட இல்லை."

எட்டு மாதமும் போயிற்று.

"மற்றது ஆர்ட சங்கிலி?"

"றெக்சன்ட. உமக்கு முதல் அந்த மேசையில நிண்ட பெடியன். ஆறு கண்ணி கோத்தவன். ஏழாவதைக் கோக்க வாற வழியில, தம்பலகாமத்தில யானை அடிச்சுச் செத்தவன். மிச்சத் தூளை நான்தான் கழுவி ஊத்தினனான்."

மறுமுனையில் தினுஷா கண்ணிகளை மறுபடி எண்ணுவது கேட்டது.

"பஸ்மியா... இதில அவன்ட ஏழும் இருக்கு."