திருப்பி வாங்கிய நன்றி

ஸ்வர்ணலதா மட்டாஞ்சேரியில் தோசை மாவு அரைத்து விற்பவர். ஆனால் அவர் புகழெல்லாம் நன்றியுரையால் வந்தது. அந்த ஊரில் வாசகசாலை ஆண்டு விழாவானாலும் ரத்ததான முகாமானாலும் வரவேற்பு, தலைமை, உத்காடனம் எனும் தொடக்கிவைப்பு, வாழ்த்து என்று வரிசையாக நடந்து கடைசியில்தான் நன்றி வரும். அதற்குள் பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருப்பார். யாரும் கேட்காத உரை என்பதால் அதை ஸ்வர்ணலதாவுக்குக் கொடுத்திருந்தார்கள்.

போன வருஷம் அவர் சந்தில் புது ஓடை கட்டினார்கள். கட்டியவர் கவுன்சிலர் சுதீரின் மச்சினர். தெருத் தண்ணீரைக் காயலுக்குக் கொண்டுபோக வேண்டிய ஓடை, வாட்டம் தலைகீழாக அமைந்ததால், காயலைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல் ஏற்றத்தில் தண்ணீர் சமையலறைக்குள் ஏறி, கிரைண்டர் மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. இன்னொரு தடவை எரிந்தால் மாவு வியாபாரம் அதோடு முடிந்தது.

மனுக்கள் போயின. பதில் வரவில்லை. கடைசியில் குடியிருப்போர் சங்கம் ஊழலுக்கு எதிராகத் தர்ணா நடத்த முடிவு செய்தது. "தேதியை மட்டும் நான் சொல்றேன் சார்" என்றார் ஸ்வர்ணலதா. நல்ல நாள் பார்க்கிறார் போல என்று எண்ணி, சங்கத் தலைவர் அனந்தநாராயணன் சம்மதித்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முறைப்படி நடக்காத எதுவும் அவருக்கு ஆகாது.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. உத்காடனம்: கவுன்சிலர் சுதீர்.

"சார், ஓடையைக் கட்டினது அவரோட அளியனாக்கும். அவரா வந்து தர்ணாவைத் திறக்கணும்?"

"அதுக்காக? கவுன்சிலர் இல்லாம ஒரு பரிபாடி நடத்த ஒக்குமோ? மைக் செட்டுக்கு அனுமதி வேண்டாமா? ஊழல்னா அவருக்கும் பிடிக்காதுன்னுதான் சொன்னார்."

தர்ணாவன்று மாலை சந்து முனையில் மேடை. சுதீர் குத்துவிளக்கு ஏற்றிப் போராட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊழல்வாதிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். யாரையும் பெயர் சொல்லவில்லை, அவ்வளவு பெருந்தன்மை. பலத்த கைதட்டல். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேறொரு பரிபாடி உண்டு. நான் இறங்கறேன்."

ஸ்வர்ணலதா மைக்கை எடுத்துவிட்டார். "கவுன்சிலருக்கு அவசரமாம். அதனால நன்றியை முதல்லயே சொல்லிடறேன்."

தனக்கு நன்றி சொல்லும்போது எந்த அரசியல்வாதி மேடையை விட்டு இறங்குவார்? சுதீர் கைகூப்பி நின்றார்.

"காயலை எங்க வீட்டு அடுக்களை வரைக்கும் கொண்டுவந்து தந்த கவுன்சிலருக்கும், அவரோட அளியனுக்கும்..."

கூட்டம் சிரித்தது. சுதீரும் சிரித்தார். அவர் லேசுப்பட்டவர் அல்ல. "சேச்சி, அந்த ஓடையைத் திறந்த அன்னிக்கு நன்றி சொன்னது நீங்கதானே?"

உண்மைதான். 'காலத்தால் அழியாத பணி' என்றுகூடச் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுத்ததைப் படித்ததுதான். ஆனால் வாய் அவருடையது.

"சொன்னேன். சொன்னது தப்பு. அந்த நன்றியைத் திருப்பி வாங்கத்தான் இன்னிக்கு நிக்கறேன். பத்து நிமிஷம் நில்லுங்கோ, சாட்சி வரும்."

சாட்சி வந்தது. அன்று பௌர்ணமி. ஓடை மூடிகளின் இடுக்கில் கறுப்புத் தண்ணீர் கசிந்து, நாற்காலிக் கால்களை நனைத்து, மேடைப் படியைத் தொட்டது. அனந்தநாராயணன் அடுத்ததாக வாழ்த்துரை என்று அறிவித்தார். கேட்க ஆளில்லை, எல்லோரும் கவுன்சிலரின் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க, பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் கூடவே நடந்தன.

மறுவாரமே ஓடையை உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். கட்டியவர் அதே மச்சினர். அனந்தநாராயணன் புது நோட்டீஸோடு வந்தார். திறப்பு விழா, நன்றி: ஸ்வர்ணலதா.

அவர் கிரைண்டரை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"பேரை அடிச்சிடுங்கோ சார். பௌர்ணமி கழியட்டும். அடுக்களை நனையலேன்னா, நானே வந்து சொல்றேன்."