குளிர்ந்த பல்ப்பில் போட்ட கணக்கு

அறுபதுகளின் தொடக்கத்தில், முல்லைத்தீவுக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து முரசுமோட்டைக்கு வயல் செய்ய வந்த குடும்பம் எங்களுடையது. எனக்குக் கடலும் புதிது, மாதா கோயிலும் புதிது. படித்தவள் என்ற நினைப்பு மட்டும் நிறையவே இருந்தது.

எனக்கு அறை தந்த வீட்டு அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரு வாடைக் காலத்தில், கரையில் வைத்த விளக்கைக் காற்று அணைத்துவிட, திசை தெரியாமல் தத்தளித்து எப்படியோ உயிரோடு வந்து சேர்ந்தாராம். அன்றே அக்கா, திருநாளுக்கு மாதா சுருவத்தை, அதாவது சிலையை, வைக்கும் கூட்டில் காற்றால் அணைக்க முடியாத விளக்கு ஏற்றுவதாக நேர்ந்துவிட்டார். ஊரில் கரண்ட் கிடையாது. யாழ்ப்பாணம் போய், பன்னிரண்டு வோல்ற் கார் பல்ப்புகள் நான்கு வாங்கி வந்தார்.

பற்றறிக்கு இருந்த ஒரே வழி ஊரிலுள்ள லொறி. அதன் முதலாளி இரக்கமுள்ள மனிதர்தான். ஆனால் திருநாள் முடிந்து விடிந்ததும் ஊராரின் கருவாட்டோடு அவர் வவுனியாச் சந்தைக்குப் போகவேண்டும். பற்றறியில் சார்ஜ் இறங்கினால் அந்த மணலில் லொறியைத் தள்ளிக்கூடக் கிளப்ப முடியாது.

"ரீச்சர் கணக்குப் பாத்துச் சொல்லட்டும். சரியெண்டால் கழட்டித் தாறன்" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளிக்கூடக் கருவியில் பல்ப்பின் தடையை அளந்தேன். ஒரு ஓம். மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். பன்னிரண்டை ஒன்றால் வகுக்கப் பன்னிரண்டு அம்பியர், நான்கு பல்ப்புக்கும் நாற்பத்தெட்டு. வழிபாடு முடிவதற்குள் பற்றறி செத்துவிடும். "சரிவராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் வாடிப்போனது.

"வாங்கி வந்ததுக்கு ஒருக்காலாவது எரிச்சுக் காட்டுங்கோ ரீச்சர். பாத்திட்டு அலுமாரிக்குள்ள வைக்கிறன்" என்றார்.

லொறியின் பற்றறியிலேயே ஒரு பல்ப்பைத் தொடுத்தேன். என் கணக்கு எவ்வளவு சரி என்று முதலாளியும் பார்க்கட்டுமே என்று இடையில் அம்பியர்மானியையும் இணைத்தேன். முள் ஒருமுறை துள்ளியது. உடனே இறங்கி ஒரு அம்பியரில் நின்றுவிட்டது. கருவி பழுதென்று தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பல்ப்பைக் கழற்றக் கை வைத்தேன், சுட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அளந்தது எரியாத, குளிர்ந்த பல்ப்பை. எரியும்போது உள்ளே இருக்கும் கம்பி சூடேறி, தடை பன்னிரண்டு மடங்காகிவிடுகிறது. நான்கு பல்ப்புக்கும் நாலே அம்பியர் போதும்! சூடானால் தடை கூடும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் நானேதான்.

"அண்ணை, நான் பிழை விட்டிட்டன். தாராளமா எரிக்கலாம்" என்றேன். வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

"இப்ப சொல்லுறதை நம்பலாமோ?" என்று கேட்டார் முதலாளி.

"என்னை நம்பாதேங்கோ, முள்ளைப் பாருங்கோ."

சிரித்துக்கொண்டே பற்றறியைக் கழற்றித் தந்தார்.

திருநாள் மாலை கடற்காற்று மெழுகுதிரிகளையெல்லாம் அணைத்துப் போட்டது. கூட்டிலிருந்த நான்கு பல்ப்புகளும் அசையாமல் எரிந்தன. செபமாலையைப் பிடித்தபடி, செபிக்க மறந்து அக்கா அழுதுகொண்டிருந்தார். நானோ, மறுநாள் விடியற்காலையில் லொறி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அதன்பின் எத்தனையோ வருடங்கள் படிப்பித்துவிட்டேன். 'இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது' என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், எரிய விடாமலே அளந்துவிட்டேனோ என்று ஒரு கணம் நின்று யோசிக்கிறேன்.