வெளியே உட்கார்ந்த உறுப்பினர்

போன செவ்வாய்க்கிழமை, ஒரு மருத்துவக் கல்லூரி வராண்டாவில் முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். நோயாளியாக அல்ல. நோயாளிக்குத் துணையாகவும் அல்ல. என்னை வெளியே அனுப்பியது... நானேதான்!

ஸ்டெம் செல் ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தருகிற கமிட்டி அது. டாக்டர்கள், ஒரு வக்கீல், பொதுமக்கள் சார்பில் இரண்டு பேர். ஒருவர், கள்ளக்குறிச்சி டீச்சரான நான். இன்னொருவர், மலை ஊரான கரியாலூரில் மகளிர் குழு நடத்தும் பொன்னம்மா.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு படிவம் தருவார்கள். 'இந்த ஆராய்ச்சியில் உங்களுக்குச் சொந்த நலன் உண்டா?' படிக்காமலே 'இல்லை' என்று டிக் அடிப்பது என் வழக்கம்.

அன்று பேனா நகரவில்லை. வந்திருந்தது விழித்திரை ஆராய்ச்சி. அரசு நிதி, நோயாளிக்குச் செலவே கிடையாது. என் மகள் கயலுக்கு இருக்கிற அதே நோய். பத்தொன்பது வயதில் நடுப்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. எதிரில் இருப்பவரின் முகம் தெரிய வேண்டுமென்றால், அவள் அவருடைய காதைப் பார்க்க வேண்டும்!

வழக்கம்போல டிக் அடித்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

'உண்டு' என்று எழுதிவிட்டு எழுந்தேன். கதவு சாத்திக்கொண்டது.

கூட்டம் முடிந்து முதலில் வெளியே வந்தவர் பொன்னம்மா.

"டீச்சர், கோச்சிக்காதீங்க. நிறுத்தி வெச்சது நான்தான்."

"இன்னாதான் கேட்டீங்க?"

"ஊசி போட்டு, கண்ணு இன்னும் ஜாஸ்தி கெட்டுப்போச்சுன்னா எத்தினி வருஷம் பாத்துக்குவீங்கன்னேன். ரெண்டு வருஷமாம். அதோட கவர்மென்ட் பணம் முடிஞ்சிடுமாம். அப்பால மலையிலேர்ந்து எறங்கி வர்றவ யார் வூட்டுக் கதவத் தட்டுவா? அதுக்கு ஒரு வழி எழுதிக்கினு வாங்கன்னு திருப்பிட்டாங்க."

"எவ்ளோ நாளாகும்?"

"ஆறு மாசம்ன்றாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு நெனப்பு வந்துச்சுங்க. அதனாலதான் கேட்டேன்."

ஆறு மாதம்... அதற்குள் கயலின் கண்ணில் எவ்வளவு மிச்சமிருக்கும்? பஸ்ஸில் மாதங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். யாரிடம் சொல்ல?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கயல் கோபப்படவில்லை.

"நீ உள்ள இருந்திருந்தா இன்னாம்மா பண்ணியிருப்ப?"

"நானும் அதையேதான் கேட்டிருப்பேன்."

பொய். அனுமதி கொடுக்கச் சொல்லி முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பேன். என்னைப் போன்ற அம்மாக்களை வெளியே உட்காரவைக்கிற விதி, சரியான விதிதான்.

ஒரே ஒரு சிக்கல் — பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் கயலுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான்.