இறக்கைக்குள் இரண்டு எலுமிச்சம்பழம்

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: அண்ணன். அண்ணி. நான். விமானத்துக்குச் சொந்தக்காரரான மேஜர் ஐயா. அவருடைய மெக்கானிக். சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர். இறக்கையில் அதுவரை கை வைக்காதவர் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான்.

அண்ணன் பிறந்தது பெங்களூர் காக்ஸ் டவுனில். அப்பா போனதும் எட்டாவதோடு நின்றார். கார் சீட் தைத்தார். என்னைப் படிக்க வைக்கப் பார்த்தார். நான் படிக்கவில்லை. ஊசியைக் கொடுத்தார்.

மேஜர் ஐயாவின் ஜீப்புக்கு சீட் தைத்தவர் அண்ணன். ஒரு நாள் அவரை எலகங்கா தாண்டி ஒரு ஷெட்டுக்கு ஐயா அழைத்துப் போனார். உள்ளே இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம். இறக்கையில் மரச்சட்டம் மட்டும் இருந்தது. துணி போட வேண்டும்.

"காத்துல கிழியாதா சார்?"

"நீ தச்சா கிழியாதுய்யா. இறக்கை பாஸ் ஆகட்டும். மொத ஆளா உன்னத்தான் மேல கூட்டிப் போவேன்."

அண்ணனுக்கு அதற்கு முன்பே இரண்டு முறை நெஞ்சுவலி வந்திருந்தது. "டாக்டர் மாடிப்படிதான் ஏறக் கூடாதுன்னார். பிளேனப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார். அதன் பிறகு அவருக்கு வேறு நினைப்பு இல்லை.

துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து விறைக்க வைத்தோம். இறக்கையை நிமிர்த்தி நிறுத்தினோம். மேல்பக்கம் அண்ணன், அடிப்பக்கம் நான். துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைக்க ஒரு முழ ஊசி. அவர் குத்துவார். நான் வாங்கித் திருப்பிக் குத்துவேன். முகம் தெரியாது. "குத்து." "வாங்கு." மூன்று வாரமும் இதுதான் பேச்சு.

சோதனை நாளில் இறக்கையைத் தூக்கினார்கள். உள்ளே கடகடவென்று உருண்டது.

"ஏனிது? என்ன இது?" என்று கன்னடத்திலும் தமிழிலும் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அண்ணன் கூரையைப் பார்த்தார். "எலுமிச்சம்பழம் சார். ஆயுத பூஜை வந்துச்சு."

"அத சக்கரத்துக்குக் கீழல்ல வெப்பாங்க?"

"சக்கரம் அன்னிக்கு வேற ஷெட்ல இருந்துது சார்."

துணியை வெட்டி எடுத்தார்கள். காய்ந்து கோலிக்குண்டு மாதிரி இருந்தது. மறுபடி தூக்கினார்கள். மறுபடி கடகட.

அண்ணன் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீயுமா?"

"நீ ஏறப்போற வண்டியாச்சே அண்ணா."

"இன்னும் யாராவது இருக்கீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணி மெதுவாகச் சொன்னார்: "நான் குங்குமம்தான் சார். சட்டத்துல லேசா."

"அது உருளாது. விடுங்க."

வெட்டிய இரண்டு இடத்தையும் ஒட்டுப்போடச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வர ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தில் அண்ணனை ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கும் நர்ஸிடம், "இன்ஸ்பெக்டர் வந்தாரா?" என்றே கேட்டார். வந்தார். பாஸ் போட்டார். அண்ணன் பறந்தார். அதன் பிறகு இரண்டு மாதம் இருந்தார்.

வாக்குத் தவறாத மேஜர் ஐயாவுக்கும், முடிச்சு போடக் காட்டிய மெக்கானிக்குக்கும், குங்குமத்தைக் கண்டுகொள்ளாத இன்ஸ்பெக்டருக்கும், கடைசி வாரம் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

பறந்த அன்று அண்ணன் இறங்கி வந்ததும் கேட்டேன்.

"மேலேர்ந்து ஊரு எப்படி இருந்துது அண்ணா?"

"ஊரு எங்க பாத்தேன். சீட்ல உக்காந்தா தலைக்கு மேல இறக்கையோட அடிப்பக்கம்தான் தெரியுது. உன் பக்கம். தையல எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் விடல."

"எத்தனை?"

"இருநூத்தி எழுபத்திரெண்டு."