மெடல் குத்திக்கொண்டு போன தெரு

பட்டாளத்துக்காரனுக்குத் தொழில் இரண்டு. ஒன்று பட்டாளத்தில் இருப்பது, மற்றது பட்டாளத்திலிருந்து வந்தவனாக இருப்பது. முதலாவதற்கு ஓய்வு உண்டு. எனக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்து, தொண்ணூற்றாறில் கொடுத்தார்கள். இரண்டாவதில் லீவுகூடக் கிடையாது என்பது, ஊர் திரும்பி ஏதாவது ஒரு கேட்டில் நின்றுகொண்டிருக்கும் என்னைப் போன்ற அண்ணன் தம்பிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேட் பாஸ்

திருவொற்றியூரில் வீடு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலை. முதல் நாளே முதலாளியின் காரை நிறுத்திப் பாஸ் கேட்டேன். பட்டாளத்தில் கர்னலே வந்தாலும் கேட்டுத்தான் விடுவோம். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். பின்னால் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. அன்றே எனக்கு ‘மிலிட்ரி’ என்று பெயர் வைத்த லாரி டிரைவர் இறங்கி வந்து சொன்னது:

“யோவ் மிலிட்ரி, உள்ள கீறது இரும்பு டப்பா. பார்டர்னு நெனச்சுகினியா?”

நான் நிரப்பிய பாரம்

யார்டுக்கு எதிரே காலை நேரத்தில் ராணியம்மா இறால் விற்பாள். கத்திவாக்கத்துக்காரி. புருஷனைக் கடல் கொண்டுபோய்ப் பத்து வருஷம். இருப்பது ஒரே மகன், சேகர். கட்டுமரம் வேண்டாம், சம்பள வேலை வேண்டும் என்று பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதில் போய் நின்றான். விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தது நான். அவளைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். “கடலுக்குப் போறதைவிடப் பயமில்லம்மா. என்னப் பாரு, முழுசா வந்திருக்கேன்” என்றேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

“எனுக்குப் பட்டாளத்தத் தெரியாதுண்ணா. ஒன்னத் தெரியும். ஒன்ன நம்பித்தான் அனுப்பறேன்.”

ஆறுதல் சொன்ன லட்சணம்

தொண்ணூற்றொன்பது கோடையில் மலைமேல் சண்டை தொடங்கியது. சேகர் அங்கேதான் இருந்தான். பகலில் ராணியம்மாவின் வீடு பூட்டியிருக்கும் என்பதால் அவன் கடிதங்கள் யார்டு முகவரிக்கு, என் பெயரில் வரும். ஜூன் மாதத்தோடு அவை நின்றுபோயின. பேப்பரில் இறந்தவர்களின் பெயர்கள் வந்தால் அவள் வருவதற்குள் படித்துவிடுவேன். விரல் வைத்து ஒவ்வொரு பெயராக, இரண்டு தடவை. அனுப்பியவன் நான் அல்லவா?

அவள் தினமும் வருவாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தை ஒரு முறை பார்ப்பாள், அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாமல் ஒரு நாள் ஆறுதல் சொல்லப் போனேன். “கெட்ட சேதி தபால்ல வராதும்மா. மெடல் குத்திகினு, தொப்பி போட்டுகினு பட்டாளத்து ஆளு வாசல்ல வந்து நிப்பான். அப்படி எவனும் வரலைன்னா புள்ள நல்லா கீறான்னு அர்த்தம்.” பட்டாளத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆறுதல் இவ்வளவுதான். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

“அப்போ இனிமே தெனம் வாசலத்தான் பாத்துகினு இருக்கணும்.”

கதவுக்கு வெளியே

ஆகஸ்ட் பதினாலாம் தேதி, அவள் வீட்டுக்குப் போன பிறகு கடிதம் வந்தது. சேகரின் கையெழுத்து. மறுநாள் யார்டு லீவு. கத்திவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போகிற வழியில் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். கறுப்புக் கோட்டு, நெஞ்சில் மெடல்கள், தலையில் ரெஜிமென்ட் தொப்பி. மனசு நிறைய சந்தோஷம். அவள் தெருவில் நுழைந்ததும், கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். மரியாதை என்று நினைத்து நான் இன்னும் நிமிர்ந்து நடந்தேன். என்னைப் போல் ஒரு முட்டாள் எந்த ரெஜிமென்ட்டிலும் இருந்திருக்க மாட்டான்.

ராணியம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தொப்பியைப் பார்த்தாள். பாத்திரத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். “சொல்லாதண்ணா! சொல்லாத, போய்டு!” என்று கத்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாகத் தொப்பியைக் கழற்றினேன். கதவுக்குப் பின்னால் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்?

கடிதத்தைப் பிரித்து, கதவருகே வாயை வைத்து, பரேடு மைதானக் குரலில் படித்தேன். காலில் பனி தாக்கி ஆஸ்பத்திரியில் இருந்தானாம். விரல் எதுவும் போகவில்லையாம். தீபாவளி கழிந்து லீவு கிடைக்குமாம். தெருவே நின்று கேட்டது. படித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன். கதவு திறக்கவில்லை. பிறகு அவள் குரல் வந்தது:

“லீவுன்னு போட்டுகீற எடத்த இன்னொரு தபா படி.”

பூப்போட்ட சட்டை

அன்று பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரே கொடியேற்றிக்கொண்டார். நான் வீட்டுக்குத் திரும்பி, முதல் வேலையாகச் சேகருக்கு எழுதினேன்: லீவில் வரும்போது யூனிஃபார்ம் போடாதே, உன் அம்மா தாங்க மாட்டாள். சொன்னபடி கேட்கிற சிப்பாய். நவம்பர் கடைசியில், பூப்போட்ட சட்டையும் கையில் தகரப் பெட்டியுமாக, லேசாக நொண்டிக்கொண்டே கத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கினான். கூட்டிப்போக நானும் போயிருந்தேன், லுங்கியில். ராணியம்மா அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குனிந்து அவன் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யூனிஃபார்ம் எங்கே என்று கேட்டாள். அவன் என்னைக் காட்ட, என்னிடம் சண்டைக்கு வந்தாள்:

“இன்னாண்ணா நீ, புள்ள மிலிட்ரி ட்ரெஸ்ல வந்து எறங்குவான், பாருங்கன்னு தெருவையே இட்டாந்துகீறேன். ஒன்ன யாரு வாணாம்னு எழுதச் சொன்னா?”

அந்த உடுப்பை மடிப்புக் கலையாமல் போடுவது எப்படி என்று இருபத்திரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள், எந்த வாசலுக்கு எந்த நாளில் போட்டுக்கொண்டு போவது என்று மட்டும் ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை.