கூடம் விழுங்கிய சேதி

எண்பதுகளின் கடைசியில் சேக்காட்டில் நாங்கள் கட்டிய வீட்டில் கூடம் பெரிசு, சாமான் கம்மி. ஒரு பாய், ஒரு ஸ்டூல், கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டர். அவ்வளவுதான். குடிபுகுந்து ஒரு மாதம் என்னோடு இருந்துவிட்டு அவர் வெல்டிங் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். போன பிறகுதான் எனக்கு நாள் தள்ளிப் போயிருப்பது தெரிந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து!

எங்களுக்குள் கடிதம் கிடையாது. அவருக்குப் படிக்கத் தடுமாறும். துபாயில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் யாராவதுதான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்துபோகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். இந்தச் சேதியை அவர் இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது என்பதில் நான் ஒரே பிடிவாதம். என் வாயால்தான் சொல்வேன்.

கூடத்து நடுவில் நின்று, அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று கத்தியே சொன்னேன்: "மூணு மாசமா முழுகாம கீறேங்க!"

சீக்கிரமே பதில் கேசட் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன்.

"இன்னாமே, கெணத்துல குந்திகினு பேசுறியா? ஒரே ரொய்ங்னு கீது. மூணு மாசமா குளிக்கலன்னு மட்டும் காதுல வுழுந்துச்சு. தண்ணி வர்லியா? லாரித் தண்ணியாவது புடி. உடம்பு நாறிடப் போவுது!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று நிறுத்தினேன். பிறகு அதை நினைத்தும் சிரித்தேன்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்கா. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். கேசட்டைக் கேட்டுவிட்டு, எழுந்து கூடத்தின் நடுவில் போய் நின்று ஒரு முறை கை தட்டினார். சுவர்கள் திருப்பித் தட்டின.

"நீ கத்துனா செவுரும் கத்தும்மா. ஒரு வார்த்த அடங்கறதுக்குள்ள அடுத்த வார்த்த அது மேல வந்து வுழுது. காலியா கீற கோயில்ல பாடுனா எங்களுக்கும் இதே கதிதான். ஞாயித்துக்கெழம ஜனம் வந்து குந்துச்சுன்னா கம்முனு ஆயிடும்."

கனமான துணிதான் மருந்து என்று அவரே முடிவும் சொன்னார். அவர் வீட்டு மெத்தை ஒரு சுவரில் சாய்ந்தது. கை தட்டிப் பார்த்தார், கொஞ்சம் தேவலை. எதிர்ச்சுவருக்கு மாடிவீட்டுக்காரரின் மெத்தை. ஜன்னலுக்குக் கம்பளி, தரைக்கு யார் யாருடையதோ ஜமுக்காளம். தெருவே படுக்கையைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் அக்கா "ரெக்கார்டிங்" என்றார். ஏதோ பாட்டுக் கச்சேரி என்று நினைத்து எல்லாரும் வசதியாக உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுபடி தட்டினார். 'பொத்.' எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ், எல்லாரும் கெளம்புங்க" என்றேன். எழுந்து வாசல் வரை போனார்கள். அக்கா தட்டினார். போன ரொய்ங் பாதி திரும்பி வந்துவிட்டது.

"ஐயையோ, வாங்க வாங்க, குந்துங்க!" என்று நானே கூப்பிட்டேன்.

கூடம் அடங்கக் கூட்டம் வேண்டும்; சேதி சொல்லவோ கூட்டம் கூடாது. நான் திருதிருவென்று விழித்தேன். அக்கா என் காதில் சொன்னார்: "குடிவந்த நாள்லேர்ந்து விசேஷம் இல்லியா, விசேஷம் இல்லியான்னு கேட்டவங்கதானே? கேக்கட்டும்."

டேப் ரெக்கார்டரை மடியில் வைத்து, மைக்கை ஒட்டி வாயைக் கொண்டுபோய், கத்தாமல் பேசினேன். 'முழுகாம' என்ற வார்த்தையின் பக்கமே போகவில்லை.

"இன்னாங்க... நீங்க அப்பா ஆவப் போறீங்க."

அப்புறம் கிளம்பியது பாருங்கள், விசிலும் கைதட்டலும்! மாடிவீட்டுக்காரர் "அடி சக்க!" என்று தொடையில் தட்டினார். யாரோ என்னைக் கட்டிக்கொண்டதில் டேப் ரெக்கார்டர் மடியிலிருந்து உருண்டது. எல்லாமே பதிவாகிவிட்டது. அப்படியே கொடுத்தனுப்பினேன். ஊரே கூடிச் சந்தோஷப்பட்டதை அவரும் கேட்கட்டுமே.

இந்த முறை பதில் வர நாளானது. வந்ததும் அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து போட்டோம். கேசட் சுற்றியது. பேச்சையே காணோம். அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பக்கத்தில் யாரோ புரண்டு படுக்க, கட்டில் முனகியது. ஒரு துளி எதிரொலி இல்லை. கட்டில் மேல் கட்டிலாக, ஆளை ஒட்டி ஆளாக எப்படி அடைத்திருந்தால் ஓர் அறை இவ்வளவு அடங்கிக் கிடக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெத்தைகளெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்த என் பெரிய கூடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் தெளிவா கேட்டுச்சுமே. இருந்தாலும் இன்னொரு தபா சொல்லு."